மாசானம் அண்ணன் சொன்ன ரேடியேட்டர்

ரோஸி முதலில் அடையாளம் கண்டது மேசையைத்தான். அதன் பிறகுதான் மேசைக்குப் பின்னால் இருந்தவனை.

கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளம் அது. 2012 பிப்ரவரியில், வார விடுமுறை நாள் மதியம் ஒன்றில் அவள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவன் தன் கேமிங் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் படம் எடுத்துப் போட்டிருந்தான். 'ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் அரை மணி நேரம் விளையாடினாலே பிராசசர் கொதிக்கிறது. எத்தனை ஃபேன் போட்டும் பயனில்லை. நானே வாட்டர் கூலிங் செய்யலாம் என்றிருக்கிறேன். முதல் முயற்சி. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்' என்று கீழே எழுதியிருந்தான்.

கம்ப்யூட்டருக்கு அடியில் சதுரக் குழாயில் செய்த இரும்பு மேசை. மேலே கறுப்பு கிரானைட். முன்கால் இணைப்பில் வெல்டிங் தழும்பு மீன் செதில் போல ஒரே சீராக ஓடியது. அந்தக் கைவேலை அவளுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஷெட்டில் வெல்டராக இருக்கும் அவள் அப்பா மரியஜோசப், மகளின் புதுக் குடித்தனத்துக்காகச் செய்து, குட்டி யானை வேனில் ஏற்றிப் பென்னலூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய மேசை அது. கல்யாணம் நின்றுபோனது. மேசை திரும்பி வரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

படம் போட்டிருந்த ஜெபர்சனுக்கும் ரோஸிக்கும் ஒரே பங்குக் கோயில். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் மணமக்கள் பெயரை ஓலையாக வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்பதற்காக. 2010இல் அவர்கள் இருவருக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு ரோஸி புதுப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் வேறொரு ஜோடியின் பெயரை வாசித்துவிட்டு நோட்டை மூடினார். கோயில் முழுவதும் தலைகள் திரும்பின. சாயங்காலம் ஜெபர்சனின் மாமா வந்து, "பையனோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வரன்கள் வந்தன. மூன்றும் பங்குக் கோயிலில் விசாரித்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தன. அப்பா காலைப் பூசையை விட்டார். மாலைப் பூசைக்கு வந்து, அறிவிப்புகள் தொடங்குவதற்கு முன்பே எழுந்து போய்விடுவார். ரோஸி மட்டும் பிடிவாதமாக அதே காலைப் பூசைக்குப் போய், அதே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் அம்மாதான் கெடுத்தாள் என்று அவள் நம்பினாள். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் என்று அவனைக் கூடுதலாக வெறுத்தாள்.

இப்போது அவன், அப்பாவின் மேசைமேல் தன் செல்லப் பொருளை வைத்து ஊரிடம் உதவி கேட்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரோஸிக்கு வேலை ஒரகடத்தில் ஒரு கார் ரேடியேட்டர் கம்பெனியில், லீக் டெஸ்ட்டிங் பிரிவில். ரேடியேட்டருக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவாள். குமிழி வராவிட்டால் பச்சைப் புள்ளி, ஓகே பீஸ். ஒரே ஒரு குமிழி வந்தாலும் சிவப்பு அட்டை, என்.ஜி. ஐந்து வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு என்.ஜி.கூட வெளியே போனதில்லை. கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கும் என்பதை நிச்சயதார்த்த நாட்களில் ஜெபர்சனே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தான். இரண்டும் தெரிந்தவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

மறுநாள் கேன்டீனில், அதே லைனில் வேலை செய்யும் இசக்கிசெல்வியிடம் சொன்னாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ரோஸியைவிட இரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் இருபது வயது பெரியது.

"ஏட்டி, அவன்தானா? நல்லாப் பாத்தியா?"

"எங்கப்பா வெல்டிங் எனக்குத் தெரியாதா?"

"அப்பொ அந்த மெஷினுக்குக் கொள்ளி வையி. என்ன செய்யப் போற?"

"அவன் கேக்குற வழிய சொல்லப் போறேன். வேற பேர்ல."

"எங்க அண்ணன் பேரப் போடு. மாசானம். ஊர்ல ஆடு மேய்க்கான். கம்ப்யூட்டர டிவின்னு நெனச்சிட்டிருக்கான். ஒரு பயலும் சந்தேகப்பட மாட்டான்." சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி இசக்கி கண்ணைச் சிமிட்டினாள். "எங்கூருப் பேச்சு வரணும்லா? நான் சொல்லித் தாரேன். 'தம்பி'ன்னு ஆரம்பி. எல்லாத்துக்கும் 'பொறவு'ன்னு கேளு. அது போதும்."

அப்படித்தான் மாசானம் அண்ணன் பிறந்தார்.

வாட்டர் கூலிங் பெரிய மந்திரம் இல்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் தலையில் செம்பில் செய்த ஒரு பிளாக் உட்காரும். பம்பு அதற்குள் தண்ணீரை ஓட்டும். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். கார் என்ஜினுக்கு நடப்பதும் இதுவேதான். ஜெபர்சன் செம்பு பிளாக்கையும் பம்பையும் வாங்கிவிட்டான். கம்ப்யூட்டருக்கென்று செய்கிற ரேடியேட்டர்தான் எங்கும் கிடைக்கவில்லை. 'கார் ஹீட்டரில் வரும் சின்ன ரேடியேட்டர் சரிப்படுமா?' என்று கேட்டிருந்தான்.

அந்தக் கேள்விதான் அவள் உள்ளே நுழைந்த கதவு.

கம்பெனிக்குக் கெட்டுத் திரும்பி வரும் ரேடியேட்டர்களை அறுத்துப் பார்ப்பதும் அவள் வேலைதான். ஒருமுறை யாரோ ஒரு மெக்கானிக் அலுமினிய ரேடியேட்டரோடு செம்புக் குழாயைச் சேர்த்து, வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தான். ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அலுமினியம் கரையும். அறுத்தபோது உள்ளே வெள்ளைச் சளி. குழாய்களில் கறையான் அரித்தது போல ஊசி ஊசியாய் ஓட்டைகள். ஆறு மாதம்கூட ஓடவில்லை அது.

'போடு தம்பி' என்று மாசானம் அண்ணன் பதில் எழுதினார். 'இப்ப வாற புது மாடல் அலுமினியமாப் பாத்து வாங்கு. எடை கம்மி. சூடு சட்டுன்னு எறங்கும்.'

மற்ற எல்லாவற்றையும் அவள் சுத்தமாகச் செய்தாள். எந்த அளவு குழாய், எங்கே கிளிப், தண்ணீர்க் குடுவை பம்புக்கு மேலே ஏன் இருக்க வேண்டும், காற்றுக்குமிழியை எப்படி வெளியேற்றுவது எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு குழாய்கள் மடங்கிப் போகும் என்று அவன் போட்ட வரைபடத்தையே திருத்திக் கொடுத்தாள். 'அண்ணே, நீங்க தெய்வம்' என்று எழுதினான் ஜெபர்சன். அவள் கழுத்தில் தாலி கட்ட இருந்த நாட்களில்கூட அவன் அவளை அவ்வளவு புகழ்ந்ததில்லை.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்தான் குறுக்கே வந்தார். 'செம்போடு அலுமினியத்தைச் சேர்க்காதீர்கள், அரித்துவிடும்' என்று அதே பக்கத்தில் எச்சரித்தார். ரோஸி அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் எழுதினாள்: 'நான் ரேடியேட்டர் கம்பெனியிலதான் டெஸ்டிங் பாக்கேன். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பீஸ் என் கையில போவுது. ஒண்ணும் ஆவாது.'

அனுப்பிய பிறகு உட்கார முடியவில்லை. ஐந்து வருடத்தில் முதல் முறையாக ஒரு என்.ஜி.க்குப் பச்சைப் புள்ளி வைத்துவிட்டாள். அன்று மாலை லைனில் ஒவ்வொரு பீஸையும் இரண்டு தடவை முக்கினாள். "என்னட்டி, மீன் பிடிக்கியா?" என்றாள் இசக்கி.

அந்த ஞாயிறு ஃபாதர் நோட்டைத் திறந்து முதல் ஓலை வாசித்தார். ஜெபர்சனுக்கும் வாலாஜாபாத் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும். மூன்றாவது பெஞ்சில் ரோஸி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முன்பு போலவே தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, விசித்திரமாக, அவள் மனம் இளகியது. அந்தப் பெண் என்ன செய்தாள், பாவம்? இவனும்தான் அம்மா பேச்சைத் தட்ட முடியாமல் என்ன செய்வான்? 'தம்பி, அலுமினியம் வேண்டாம். நான் சொன்னது தப்பு' என்று ஒரு செய்தியை அடித்தாள். அனுப்பவில்லை. அப்படியே சேமித்து வைத்தாள். நாளைக்கு அனுப்பலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு முதல் ஷிஃப்ட். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஜெபர்சன் செய்தி அனுப்பியிருந்தான். எல்லாவற்றையும் இணைத்து, கம்ப்யூட்டரில் மாட்டாமல், பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து லீக் பார்த்துக்கொண்டிருந்தான். மாசானம் அண்ணன் சொல்லிக்கொடுத்த முறை அது.

'அண்ணே, ஆறு மணி நேரம் ஆச்சு. டிஷ்யூ காஞ்சுகினு கீது. ஒரு சொட்டு இல்ல.'

'நல்லது தம்பி. இருவத்தி நாலு மணி நேரம் ஓடட்டும். அவசரம் ஆவாது.'

'அவசரம்தான் அண்ணே. மே மாசம் கல்யாணம். அப்பால வூட்டுக்காரி இத்தத் தொட வுடுவாளோ மாட்டாளோ. நாளைக்கு ரெண்டாவது ஓலை.'

மாசானத்துக்கு ஓலை என்றால் தெரியாது என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, 'ஓலைன்னா?' என்று கேட்டாள். அவன் விளக்கினான். பிறகு எழுதினான்: 'மூணாவதும் வாசிச்சாதான் நிம்மதி. போன தடவ ரெண்டோட நின்னு போச்சு.'

'பொறவு? யார் நிறுத்தினா? அம்மாவா?'

'ஐயே, அம்மாவுக்கு அந்தப் பொண்ணுன்னா உசுரு. நான்தான் அண்ணே. திடீர்னு வோணாம்னு தோணிச்சு. காரணம்லாம் ஒண்ணும் இல்ல. காரணம் இல்லாம நிறுத்துனா என்னத்தானே திட்டுவாங்க? அதான் ஃபாதராண்ட போயி, அந்தப் பொண்ணுக்குக் கம்பெனில ஒருத்தனோட பழக்கம் கீது, பாத்தவங்க சொன்னாங்கன்னு சொல்ட்டேன்.'

 ரோஸி எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். 'பாத்தவங்க யாரு?'

'யாரும் இல்ல. சும்மா வுட்டதுதான்.' இரண்டு புள்ளியும் ஒரு வளைவும் போட்டுச் சிரித்திருந்தான். 'ஃபாதர் ஒண்ணும் கேக்கல. அவங்க வூட்லேந்து கூட யாரும் சண்டைக்கு வரல. நல்ல ஜனங்க.'

நல்ல ஜனங்க. அந்த இரண்டு சொற்களையும் அவள் பலமுறை படித்தாள். மூன்று வரன்களும் பங்கில் விசாரித்தபோது என்ன கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்பது இப்போது புரிந்தது. அப்பா மாலைப் பூசையிலிருந்து எழுந்து போவதைப் பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசியிருப்பார்கள் என்பதும்.

'அண்ணே, ஒரு டவுட்' என்று அவன் தொடர்ந்தான். 'காருக்கு ஊத்துற பச்சைக் கூலன்ட் ஊத்தணுமா? துரு புடிக்காதுன்றாங்களே?'

ஊற்றினால் அரிப்பு குறையும். ஒன்றிரண்டு வருடம்கூடத் தாங்கும்.

'தேவையில்ல தம்பி' என்று எழுதினாள். 'பேட்டரிக்கு ஊத்துற தண்ணியே போதும்.'

பிறகு, சேமித்து வைத்திருந்த செய்தியைத் திறந்து அழித்தாள்.

இரண்டாம் ஓலை வாசித்து முடிந்த மறுநாள், ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் அந்த உரையாடலை, 'நல்ல ஜனங்க' என்பது வரை மட்டும், மூன்று பிரதி அச்செடுத்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவின் கையில் ஒன்றைக் கொடுத்தாள். மாசானம் யார் என்பதையும் சொன்னாள். ரேடியேட்டரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"அவங்க வூட்லேந்து யாரும் சண்டைக்கு வரலன்றான்."

"ஆமாப்பா."

"நான் போவலையேமா." அப்பா தாளை மடித்தார். "பொண்ணப் பெத்தவன் கத்துனா பொண்ணுக்குத்தான் கெட்ட பேருன்னு வாய மூடிகினு இருந்துட்டேன்." எழுந்து சட்டையை எடுத்தார். "வா, இப்பவே போலாம்."

"சனிக்கிழம போலாம்பா. மூணாவது ஓலைக்கு மொத நாள். அவனும் அது வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபாதரின் அலுவலக அறையில் அச்செடுத்த தாளை வைத்தார்கள். "ஸ்தோத்திரம் சாமி" என்று சொன்னதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். ஃபாதர் படித்தார். முகம் வெளுத்தது.

"நான் உன் பேரு கெடக் கூடாதுன்னுதான்மா யார்கிட்டயும் வெளிய சொல்லல."

"ஃபாதர், எங்க லைன்ல யாராவது வந்து இந்தப் பீஸு லீக்குன்னு சொன்னா, தண்ணில முக்கிப் பாக்காம நாங்க தூக்கிப் போட மாட்டோம். நீங்க என்ன ஒரு வார்த்த கூப்ட்டுக் கேக்கல. வெளிய சொல்லலன்றீங்க. மூணு வூட்டுக்காரங்க வந்து விசாரிச்சாங்களே, அவங்களாண்ட இன்னா சொன்னீங்க?"

 ஃபாதர் தொலைபேசியை எடுத்து ஜெபர்சனை வரச்சொன்னார்.

அரை மணி நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. பெண்ணின் பங்குக்குக் கொடுக்க வேண்டிய தடையில்லாக் கடிதம் தயாராகிவிட்டது என்று நினைத்து, சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். ரோஸியையும் அப்பாவையும் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ஃபாதர் தாளை அவன் பக்கம் தள்ளினார். அவன் நான்கு வரி படித்தான்.

"இது... மாசானம் அண்ணன்கிட்ட நான் தனியா பேசுனது. அந்தாளு எப்படி உங்களாண்ட..."

"சொல்லு தம்பி," என்றாள் ரோஸி, இசக்கி சொல்லிக்கொடுத்த இழுப்போடு. "டிஷ்யூ காஞ்சுதானே கெடக்கு?"

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"நீயா? இன்னா ரோஸி இது, இப்படி ஏமாத்திக்கினு..."

"ஏமாத்துறதப் பத்தி நீ பேசுறியாடா?" அப்பா எழுந்தேவிட்டார். ரோஸி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ ஃபாதராண்ட சொன்னது பொய்னு உன் கையால எழுதிக் கையெழுத்துப் போடு. ஒண்ணு இன்னிக்கே வாலாஜாபாத்துக்குப் போவணும். இன்னொண்ண நாளைக்குக் காலைப் பூசைல, ஓலை வாசிக்கிற எடத்துல ஃபாதர் வாசிக்கணும்."

"அறிவிப்புல இதெல்லாம் வாசிக்கிற வழக்கம் இல்லையேமா," என்றார் ஃபாதர்.

"ரெண்டு ஓலை வாசிச்சிட்டு மூணாவத வுடுறது வழக்கமா ஃபாதர்?"

 ஃபாதர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜெபர்சன் முன்னால் வைத்தார். "எழுதுப்பா. வாசிக்கிறேன்."

"கல்யாணம் நின்னுடும் ரோஸி. எங்கம்மா தாங்க மாட்டாங்க."

"நிக்கலாம், நிக்காமயும் போலாம். அது அந்தப் பொண்ணு இஷ்டம். எனக்கு அந்த இஷ்டத்தக்கூட நீ வெக்கல."

அவன் எழுதினான். ரோஸி வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "தவறான தகவல்னு எழுதியிருக்க. தகவல் இல்ல. பொய். அப்படியே எழுது."

வேறு இரண்டு தாள்களில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர்கள் முன்னாலேயே ஃபாதர் வாலாஜாபாத்துக்குப் போன் போட்டு, பெண்ணின் அப்பாவை மதியம் வரச்சொன்னார். "சாமி, நாளைக்கு நாங்க காலைப் பூசைக்கு வர்றோம்," என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஜெபர்சன் தாழ்வாரத்தில் நின்றிருந்தான். சட்டையின் முதுகுப்புறம் முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும், அவ்வளவுக்குப் பிறகும், ரோஸியின் மனதில் ஏதோ ஒன்று நெகிழ்ந்தது. இப்போது இவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால், ரேடியேட்டரைக் கழற்றி எறி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"ரோஸி."

நின்றாள். "இன்னா?"

"அந்த ரேடியேட்டரு..." அவன் தயங்கினான். "அது கரெக்டுதானே? போன வாரமே உள்ள மாட்டிட்டேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் புதுசு. என் மேல கோவம் இருக்கும், சரி. ஆனா வேல விஷயத்துல நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். இன்னா ஆனாலும் என்.ஜி.ய ஓகேன்னு சொல்ற ஆளு இல்ல நீ."

ரோஸி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்பது அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் போய் அப்படிச் சொன்னான்.

"ஒண்ணும் ஆகாது," என்றாள் மிருதுவாக. "வருஷக்கணக்கா ஓடும்."

அவன் முகத்தில் உண்மையான நிம்மதி பரவியது. "தேங்க்ஸ்," என்றுகூடச் சொன்னான்.

சாலைக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. மதிய ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அப்பா கரும்பு ஜூஸ் வண்டிக்கு அருகில் நின்று இரண்டு கிளாஸ் சொன்னார்.

"அவன் பின்னால கூப்ட்டு இன்னாமா கேட்டான்? மன்னிப்பா?"

"இல்லப்பா. கம்ப்யூட்டர்ல ஒரு டவுட்டாம்."

"இந்த நெலமைலயா? நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் ஆகாது, நல்லா ஓடும்னு சொன்னேன்."

அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மகளின் தலையில் கை வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. "உங்கம்மா மனசுமா உனக்கு. நானா இருந்தா மூஞ்சில துப்பிட்டு வந்திருப்பேன். எதிரிக்குக்கூட நல்லது சொல்ற பாரு."

 ரோஸி நுரையோடு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இரண்டு வருடத்தில் எந்தப் பண்டமும் அவள் நாக்குக்கு இவ்வளவு இனித்ததில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றார் அப்பா.

"சொல்லுங்கப்பா," என்றாள். "எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு சேத்துப் போடச் சொல்லுங்க."